ஜோடி சேர்ந்தது, எழுத்து விழவில்லை: ஒற்றைப் பலகைக் கணினியில் கம்பியில்லா விசைப்பலகையைச் சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

திரையில் விசைப்பலகையின் பெயர் தெரிகிறது. பக்கத்திலேயே ஜோடி சேர்ந்துவிட்டதாகச் செய்தியும் இருக்கிறது. ஆனால் எந்த விசையைத் தட்டினாலும் ஓர் எழுத்துகூட விழுவதில்லை. ராஸ்பெரி பை, ஆரஞ்சு பை போன்ற சிறு கணினிகளோடு பழகியவர்களுக்கு இந்த எரிச்சல் புதிதல்ல. உடனே எல்லாரும் செய்வது ஒன்றுதான்: விசைப்பலகையை நீக்கிவிட்டு மறுபடி ஜோடி சேர்ப்பது. பலிக்காவிட்டால் மூன்றாம் முறை, நான்காம் முறை. நானும் இரண்டு இரவுகளை அப்படித் தொலைத்தவன்தான்.

ஜோடி சேர்ப்பு என்பது இரண்டு கருவிகளும் ஒரு ரகசியச் சாவியை ஒப்புக்கொள்வது, அவ்வளவே. அதன் பிறகு அந்தச் சாவியைக் கொண்டு தொடர்பு ஏற்பட வேண்டும். வந்திருப்பது விசைப்பலகை என்பதைப் புளூடூத் சேவை கண்டுகொள்ள வேண்டும். இயக்கமுறைமையின் மையப் பகுதியான கர்னல் அதற்கு ஓர் உள்ளீட்டுக் கருவியை உருவாக்க வேண்டும். கடைசியில் திரையை ஆளும் மென்பொருள் அதைக் கவனிக்க வேண்டும். எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று தெரியாமல் முதல் கண்ணியையே திரும்பத் திரும்ப முடிச்சுப் போடுவதில் பயனில்லை. அதைவிட மோசம், நீக்கும்போது நமக்கு உதவக்கூடிய தடயமும் சேர்ந்து அழிகிறது. ஆகவே 'நீக்கு' பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு வாருங்கள்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கட்டளை தட்டும் சாளரமான முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். பலவற்றுக்கு முன்னால், நிர்வாகி உரிமை தரும் 'சூடோ' தேவைப்படும்.

## உள்ளே போக இன்னொரு வழி

விசைப்பலகை ஊமையாக இருக்கும்போது கட்டளையை எதில் தட்டுவது? கம்பியுள்ள பழைய விசைப்பலகை ஒன்றைச் செருகிக்கொள்ளுங்கள். அல்லது வேறொரு கணினியிலிருந்து, வலையமைப்பின் மூலம் முனையத்தைத் திறக்கும் எஸ்எஸ்எச் வழியாக நுழையுங்கள். எனக்கு எஸ்எஸ்எச்தான் பிடிக்கும். ஒரு சாளரத்தில் பதிவுகளை ஓடவிட்டு, இன்னொன்றில் கட்டளை கொடுத்து, எதிரே உள்ள கம்பியில்லா விசைப்பலகையைத் தட்டிப் பார்க்கலாம். எந்த விசை அழுத்தப்பட்டது என்று கர்னலுக்குத் தெரிவதைக் காட்டும் 'இவிடெஸ்ட்' என்ற சிறு நிரலையும் இப்போதே நிறுவிவிடுங்கள். பின்னால் அதுதான் நமக்கு நீதிபதி.

## உங்களுடையது எந்த வகை

கம்பியில்லா விசைப்பலகை என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சாதிகள் விற்கப்படுகின்றன. ஒன்று, யுஎஸ்பி துளையில் செருகும் சிறு டாங்கிளோடு வருவது. மற்றொன்று, பலகையின் புளூடூத்தோடு நேரே பேசுவது. இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசுகின்றன என்பதைத் தவிர ஒற்றுமை குறைவு.

டாங்கிள் வகையில் ஜோடி சேர்ப்பு டாங்கிளுக்கும் விசைப்பலகைக்கும் நடுவே தொழிற்சாலையிலேயே முடிந்துவிடும். கணினிக்கு அது சாதாரண யுஎஸ்பி விசைப்பலகை போலவே தெரியும். எனவே வேலை செய்யாவிட்டால் 'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளையில் டாங்கிள் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் துளை, மின்சாரம், டாங்கிள் இவற்றில் ஒன்றில்தான் பழுது. தெரிந்தும் எழுத்து விழவில்லை என்றால், விசைப்பலகை வேறொரு டாங்கிளோடு சேர்ந்திருக்கலாம். லாஜிடெக்கின் யூனிஃபையிங் வகைக்கு, இந்தப் பலகைகளில் ஓடும் லினக்ஸ் இயக்கமுறைமையில் 'சோலார்' என்ற நிரல் உண்டு. அதைக் கொண்டு டாங்கிளோடு புதிதாகச் சேர்க்கலாம். பல மலிவு விசைப்பலகைகளில் அந்த வசதியே கிடையாது. டாங்கிள் தொலைந்தால் விசைப்பலகையும் போனது போலத்தான்.

சில விசைப்பலகைகளில் இரண்டு வழியும் உண்டு. 1, 2, 3 என்று தடங்களை மாற்றும் விசைகளும் இருக்கும். முதல் தடத்தில் ஜோடி சேர்த்துவிட்டு, விசைப்பலகை இரண்டாம் தடத்தில் நிற்பது தெரியாமல் கணினியைத் திட்டிய அனுபவம் எனக்கு உண்டு. மின்கலத்தையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள். விளக்கு எரிவதற்குப் போதிய மின்சாரம் தொடர்பைத் தாங்கப் போதாமல் போகலாம்.

இனிப் பேசுவதெல்லாம் பெரும்பாலும் புளூடூத் வகையைப் பற்றித்தான். சிக்கல் முழுக்க அங்கேதான் குடியிருக்கிறது.

## மின்சாரத்தை முதலில் சந்தேகியுங்கள்

கைப்பேசிக்கு வந்த சார்ஜரைச் செருகியே இந்தப் பலகைகளை ஓட்டுகிறோம். ராஸ்பெரி பை 3-க்கு 2.5 ஆம்பியர், 4-க்கு 3 ஆம்பியர், 5-க்கு 5 ஆம்பியர் மின்வழங்கி பரிந்துரைக்கப்படுகிறது. பை 5-ல் 5 ஆம்பியர் வழங்கி இல்லை என்றால் யுஎஸ்பி துளைகள் அனைத்துக்கும் சேர்த்து 600 மில்லிஆம்பியர்தான் கிடைக்கும். வன்வட்டு ஒன்றும் டாங்கிள் ஒன்றும் சேர்ந்து செருகப்பட்டால் டாங்கிள் அவ்வப்போது காணாமல் போவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ராஸ்பெரி பையில் 'விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு' என்று கொடுங்கள். விடை 0x0 என்றால் நல்லது. 0x50000 என்றால், கணினியை இயக்கிய பிறகு எப்போதோ மின்னழுத்தம் விழுந்திருக்கிறது. 0x50005 என்றால் இந்த நொடியும் விழுந்தே கிடக்கிறது. ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் இந்த எச்சரிக்கை எழும். அடாப்டர் நல்லதாக இருந்தும் இது வந்தால் கேபிளை மாற்றுங்கள். நீளமான, மெல்லிய கேபிளில் மின்னழுத்தம் வழியிலேயே கரைந்துவிடும்.

## புளூடூத் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்

'புளூடூத்சிடிஎல்' என்று தட்டினால் ஒரு தனி உலகத்துக்குள் நுழைவீர்கள். 'டிவைசஸ்' என்று கொடுத்து விசைப்பலகையின் முகவரியைப் பாருங்கள். ஆறு இரட்டை எழுத்துகள், நடுவே முக்காற்புள்ளிகள். 'இன்ஃபோ' என்று தட்டி அந்த முகவரியையும் சேர்த்துக் கொடுங்கள். கிடைக்கும் பத்துப் பதினைந்து வரிகளில்தான் நோயின் பெயர் இருக்கிறது. நிதானமாகப் படியுங்கள்.

'பேர்டு', 'பாண்டெட்', 'டிரஸ்டெட்', 'கனெக்டெட்' என்று நான்கு வரிகள். நான்குக்கும் 'யெஸ்' என்று இருக்க வேண்டும். முதலாவது மட்டும் 'யெஸ்' என்றால் அதுதான் தலைப்பில் சொன்ன நிலை: ஜோடி சேர்ந்தது, ஆனால் தொடர்பு இல்லை. திரையின் மூலையில் உள்ள வரைகலைப் பட்டி இந்த நான்கையும் குழைத்து ஒரே சொல்லாகச் சொல்வதால்தான் இத்தனை குழப்பம்.

'டிரஸ்டெட்' வரியில் 'நோ' இருந்தால், விசைப்பலகை தானாக வந்து கதவைத் தட்டும்போது கணினி திறக்காது. 'டிரஸ்ட்' என்று கொடுத்து முகவரியைச் சேர்த்தால் போதும். அப்புறம் அதே மாதிரி 'கனெக்ட்'. நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் இந்த இரண்டு கட்டளைகளோடு முடிந்துவிட்டன. மறுதொடக்கத்துக்குப் பிறகு விசைப்பலகை வருவதில்லை என்ற புகாருக்கும் இதுதான் முதல் மருந்து.

கீழே 'யுயுஐடி' என்று தொடங்கும் வரிகள் இருக்கும். அவற்றில் 00001124 என்று தொடங்கும் எண் இருந்தால் பழைய வகைப் புளூடூத் விசைப்பலகை. 00001812 இருந்தால் குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதிய வகை. எது உங்களுடையது என்று குறித்துக்கொள்ளுங்கள், கர்னல் கட்டத்தில் தேவைப்படும். இரண்டுமே இல்லை என்றால், இது விசைப்பலகை என்பதே கணினிக்குத் தெரியவில்லை. அப்போது மட்டும் 'ரிமூவ்' கொடுத்துப் புதிதாகத் தொடங்கலாம்.

## புதிதாகச் சேர்ப்பதென்றால் முறையாக

வரைகலைப் பட்டியை மூடிவிடுங்கள். இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்யப் போனால் கடவுஎண் கேட்கும் கேள்வி யாரிடம் போகிறது என்று தெரியாது. புளூடூத்சிடிஎல் உள்ளே 'ஏஜென்ட் ஆன்', 'டிஃபால்ட்-ஏஜென்ட்', 'ஸ்கேன் ஆன்' என்று வரிசையாகக் கொடுங்கள். விசைப்பலகையை ஜோடி சேர்க்கும் நிலைக்குக் கொண்டுபோங்கள். விளக்கு வேகமாகச் சிமிட்ட வேண்டும். முகவரி தெரிந்ததும் 'பேர்' கட்டளை.

இப்போது திரையில் ஆறு இலக்க எண் ஒன்று தோன்றலாம். கவனம் தேவைப்படும் இடம் இதுதான். அந்த எண்ணைத் தட்ட வேண்டியது கம்பியில்லா விசைப்பலகையில், கம்பியுள்ளதில் அல்ல. தட்டி முடித்ததும் அதிலேயே என்டர் விசையை அழுத்த வேண்டும். தட்டும்போது திரையில் எதுவும் தெரியாமலும் இருக்கலாம், நம்பிக்கையோடு தட்டுங்கள். எண் தோன்றுவதற்கும் கெடு முடிவதற்கும் நடுவே அரை நிமிடம்தான் கிடைக்கும். முதல்முறை நான் எஸ்எஸ்எச் சாளரத்திலேயே அந்த எண்ணை அடித்துவிட்டு, ஏன் மறுக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எண் விசைகளுக்கு எஃப்என் விசையும் சேர்த்து அழுத்த வேண்டிய சிறிய விசைப்பலகை என்றால் அதை முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள்.

பிறகு 'டிரஸ்ட்', அதன் பின் 'கனெக்ட்'. முடிந்ததும் மின்சாரத்தை வெடுக்கென்று பிடுங்காதீர்கள். சாவி எஸ்டி அட்டையில் எழுதப்பட வேண்டும். முறையாக அணைத்துத் தொடங்குங்கள்.

## சாவி தொலைந்த கதை

என் முதல் இரவைத் தின்றது இது. ஒரே பலகை, இரண்டு எஸ்டி அட்டைகள். ஒன்றில் சாதாரண மேசைத்தளம், மற்றொன்றில் விளையாட்டுகள். ஓர் அட்டையில் விசைப்பலகை வேலை செய்யும். மற்ற அட்டையைப் போட்டால் செய்யாது. அதில் ஜோடி சேர்த்துவிட்டுப் பழைய அட்டைக்கு வந்தால் இங்கே செத்துக் கிடக்கும். இரண்டு அட்டைகளுமே ஜோடி சேர்ந்திருப்பதாகச் சத்தியம் செய்யும்!

காரணம் எளிது. பலகையின் புளூடூத் முகவரி இரண்டு அட்டைகளிலும் ஒன்றே. விசைப்பலகைக்கு அட்டை மாறியது தெரியாது. அந்த முகவரிக்கு ஒரே ஒரு சாவியை மட்டும் வைத்துக்கொள்ளும். இரண்டாம் அட்டையில் சேர்த்தபோது முதல் சாவி அழிந்துவிட்டது. முதல் அட்டையோ பழைய சாவியையே நீட்டிக்கொண்டிருக்கிறது. 'பிடிமான்' என்ற நிரலை ஓடவிட்டுத் தொடர்பு முயற்சியைப் பார்த்தால், சாவி இல்லை என்று பொருள்படும் 0x06 என்ற பிழை எண் தென்படும்.

தீர்வு: சாவிகள் 'வார்' அடைவுக்குள் 'லிப்', அதற்குள் 'புளூடூத்', அதற்குள் பலகையின் முகவரி, அதற்குள் விசைப்பலகையின் முகவரி என்ற பெயருள்ள அடைவில் கிடக்கின்றன. கடைசியாக ஜோடி சேர்த்த அட்டையிலிருந்து அந்த அடைவை அப்படியே மற்ற அட்டையின் அதே இடத்துக்கு நகலெடுங்கள். நகலெடுக்கும்போது புளூடூத் சேவை நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். கோப்புகள் 'ரூட்' எனும் நிர்வாகிப் பயனருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். அதன் பிறகு எத்தனை முறை அட்டையை மாற்றினாலும் விசைப்பலகை முகம் சுளிக்காது.

இதற்கு ஒரு தம்பி உண்டு. எஸ்டி அட்டை தேயாமல் இருக்கப் பலர் கோப்பு முறைமையை 'ஓவர்லே' முறையில், எழுத முடியாதபடி வைத்திருப்பார்கள். அந்த நிலையில் ஜோடி சேர்த்தால் சாவி தற்காலிக நினைவகத்தில் மட்டும் இருக்கும். கணினியை அணைத்ததும் போய்விடும். ஓவர்லேயை நிறுத்தி, ஜோடி சேர்த்து, மீண்டும் இயக்குங்கள். அட்டை நிரம்பி வழிந்தாலும் இதே கூத்துதான். 'டிஎஃப்' கட்டளையில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

## தொடர்பு இருக்கிறது, கருவி இல்லை

நான்கு வரிகளிலும் 'யெஸ்' வந்துவிட்டது. எழுத்து மட்டும் வரவில்லை. இனி கர்னல். 'இவிடெஸ்ட்' என்று தட்டுங்கள். உள்ளீட்டுக் கருவிகளின் பட்டியல் வரும். அதில் உங்கள் விசைப்பலகையின் பெயர் இல்லை என்றால், புளூடூத்துக்கும் கர்னலுக்கும் நடுவே கண்ணி அறுந்திருக்கிறது.

குறைந்த மின்சார வகை விசைப்பலகைக்குக் கர்னலில் 'யுஹிட்' என்ற கூறு கட்டாயம். பழைய வகைக்கு 'ஹிட்பி' அல்லது யுஹிட், இரண்டில் ஒன்று வேண்டும். பலகையைத் தயாரித்தவர்களே கொடுக்கும் பழைய கர்னல்களில் இவை விடுபட்டிருப்பதைப் பார்க்கலாம். 'மாட்ப்ரோப் யுஹிட்' என்று கொடுங்கள். பிழை இல்லாமல் திரும்பி, விசைப்பலகையை அணைத்துப் போட்டதும் எழுத்து விழுந்தால் நோய் பிடிபட்டது. 'ஈடிசி' அடைவில் உள்ள 'மாட்யூல்ஸ்-லோட்.டி' அடைவில் ஒரு கோப்பை உருவாக்கி, அதில் யுஹிட் என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டால் ஒவ்வொரு தொடக்கத்திலும் தானாக ஏறிக்கொள்ளும். கூறே கிடைக்கவில்லை என்று வந்தால் கர்னலைத்தான் மாற்ற வேண்டும். ஆர்ம்பியன் போன்ற வேறு லினக்ஸ் விநியோகம் உங்கள் பலகைக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய வகை விசைப்பலகை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு பொறி. விசைப்பலகை போல நடித்து யாரும் உள்ளே புகுந்து தட்டக்கூடிய ஓட்டை ஒன்று 2023 டிசம்பரில் வெளியானது; அதன் எண் சிவிஇ-2023-45866. அதை அடைக்க, லினக்ஸின் புளூடூத் மென்பொருளான புளூஸெட், முறையாகச் சாவி பரிமாறி அதைச் சேமிக்காத கருவிகளை ஏற்க மறுக்கத் தொடங்கியது. நேற்றுவரை ஓடிய பழைய விசைப்பலகை புதுப்பிப்புக்குப் பிறகு நின்றால் இதையும் நினைத்துப் பாருங்கள். 'பாண்டெட்' வரியில் 'நோ' இருக்கும். 'ஜர்னல்சிடிஎல்' வழியே புளூடூத் சேவையின் பதிவைப் பார்த்தால் மறுத்ததற்கான வரியும் இருக்கும். 'ஈடிசி' அடைவின் புளூடூத் அடைவில் உள்ள 'இன்புட்.கான்ஃப்' கோப்பில் 'கிளாசிக்பாண்டெட்ஒன்லி' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கினால் பழையபடி ஓடும். ஆனால் அடைத்த ஓட்டையை நீங்களே திறக்கிறீர்கள். முறையாக நீக்கிவிட்டுக் கடவுஎண்ணோடு மறுபடி சேர்ப்பதை முதலில் முயலுங்கள். அதற்கும் மசியாத விசைப்பலகையை மாற்றிவிடுவதே என் கட்சி.

## கருவி இருக்கிறது, திரை கேட்கவில்லை

இவிடெஸ்ட் பட்டியலில் பெயர் இருந்தால் அதன் எண்ணைக் கொடுத்து, ஒரு விசையை அழுத்தி விடுங்கள். 'கீ_ஏ' என்ற பெயரோடு ஒரு வரி, முடிவில் 1. கையை எடுத்ததும் அதே பெயரில் இன்னொரு வரி, முடிவில் 0. இது தெரிந்துவிட்டால் விசைப்பலகை, அலை, சாவி, கர்னல் எல்லாம் நிரபராதிகள். குற்றவாளி மேசைத்தளம்தான். வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்து முனையத்துக்குப் போய் அங்கே தட்டிப் பாருங்கள்; அங்கே விழுந்தால் சந்தேகமே இல்லை.

எழுத்து விழுகிறது, ஆனால் கடவுச்சொல்லை ஏற்க மறுக்கிறதா? விசை அமைப்பைப் பாருங்கள். ராஸ்பெரி பை இங்கிலாந்தில் பிறந்தது. அதன் இயக்கமுறைமை பிரிட்டன் விசை அமைப்போடுதான் நெடுங்காலம் வந்தது. அமெரிக்க அமைப்புள்ள விசைப்பலகையில் அட் குறியைத் தட்டினால் இரட்டை மேற்கோள் குறி விழும். கடவுச்சொல்லில் எழுத்துகள் நட்சத்திரங்களாக மறைவதால் இது கண்ணில் படாது. 'ராஸ்பி-கான்ஃபிக்' உள்ளே போய் மாற்றுங்கள்.

## வருகிறது, போகிறது

தட்டியது சில நேரம் விழுகிறது, சில நேரம் விழவில்லை, அல்லது ஒரே எழுத்து வரிசையாகக் கொட்டுகிறது என்றால் அது அலைச் சிக்கல். யுஎஸ்பி 3 துளைகளும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கிளப்புகின்றன. இன்டெல் 2012-லேயே இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. டாங்கிளை நீலத் துளையிலிருந்து எடுத்துக் கறுப்புத் துளைக்கு மாற்றுங்கள். ஒரு சிறு நீட்டிப்புக் கேபிளில் செருகிக் கொஞ்சம் தள்ளி வைத்தால் இன்னும் நல்லது. பலகையை உலோகப் பெட்டிக்குள் வைத்திருந்தால், திறந்து வைத்து ஒருமுறை சோதியுங்கள். வைஃபையும் புளூடூத்தும் ஒரே சில்லில் இருப்பதால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதும் உதவும்; அந்த வசதி பை 3பி+ தொடங்கிப் பிந்தைய பெரிய பலகைகளில் உண்டு.

சில நிமிடம் சும்மா இருந்த பிறகு முதல் ஓரிரு எழுத்துகள் மட்டும் தவறினால் அது பழுதல்ல. விசைப்பலகை தூங்கி எழுகிறது. ஷிஃப்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுதப் பழகிவிட்டேன்.

புளூடூத்தே தடுமாறினால் 'கான்ஃபிக்.டிஎக்ஸ்டி' கோப்பைத் திறங்கள். புதிய ராஸ்பெரி பை இயக்கமுறைமைகளில் அது 'பூட்' அடைவுக்குள் 'ஃபர்ம்வேர்' அடைவில் இருக்கிறது. ராஸ்பெரி பை 3-ல் புளூடூத் சில், 'யுஆர்ட்' எனப்படும் தொடர்வழி ஒன்றின் மூலம் செயலியோடு பேசுகிறது. ஜிபிஎஸ் போன்ற கருவிகளை இணைக்கச் சொல்லும் குறிப்புகளைப் பார்த்து அந்த நல்ல வழியைப் பிடுங்கிக்கொள்பவர்கள் உண்டு. கோப்பில் 'மினியுஆர்ட்-பிடி' என்ற வரி இருந்தால் புளூடூத் திறன் குறைந்த வழிக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. 'டிசேபிள்-பிடி' என்றால் அணைக்கவே பட்டிருக்கிறது. எப்போதோ எழுதி மறந்த வரியாகவே அது இருக்கும். பிற பலகைகளில் 'டிமெஸ்ஜி' வெளியீட்டில் புளூடூத் ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் விநியோகத்தின் ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவ வேண்டும்.

## இவ்வளவும் சரி, தொடக்கத்தில் மட்டும் வரவில்லை

வராது. புளூடூத் சேவை ஓடத் தொடங்கிய பிறகுதான் புளூடூத் விசைப்பலகைக்கு உயிர் வரும். அதற்கு முன்னால் தோன்றும், இயக்கமுறைமையைத் தொடக்கிவைக்கும் யு-பூட் நிரலின் பட்டியோ, குறியாக்கம் செய்த வட்டுக்குக் கடவுச்சொல் கேட்கும் திரையோ அதைக் காணாது. அதற்கு டாங்கிள் வகை விசைப்பலகை போதும், ஏனென்றால் அது யுஎஸ்பி கருவியாகவே தெரிகிறது. நான் கம்பியுள்ள விசைப்பலகை ஒன்றைப் பலகைக்குப் பின்னால் சுருட்டி வைத்திருக்கிறேன்.